வழிவது மட்டும் கேன்டீனுக்கு

தொழிற்சாலை கட்டும்போதே தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டியும் கட்டிவிடுகிறார்கள், சான்றிதழ் வேண்டுமே! சித்திரை, வைகாசியில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கேள்வி. லாரித் தண்ணீர் வராத நாளில் கழிப்பறைக்கும் கேன்டீனுக்கும் அதிலிருந்து ‘கொஞ்சம்’ எடுக்கத் தோன்றும். நிமிடத்துக்கு 2,280 லிட்டர் இறைக்கும் பம்பு, ஒரு லட்சம் லிட்டரை 44 நிமிடத்தில் காலி செய்துவிடும். தொட்டி பாதிதான் இருந்தால் 22 நிமிடம். நம் ஊர் நெரிசலில் தீயணைப்பு வண்டி வந்து சேரவே அது போதுமா? ‘தண்ணீர் எடுக்காதீர்’ என்று பலகை மாட்டிப் பயனில்லை, குழாயைத்தான் சரியாகப் போட வேண்டும். வரும் தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் விழட்டும். அது நிரம்பி வழிவது மட்டுமே புழக்கத் தொட்டிக்குப் போகட்டும். இருப்பும் குறையாது, தண்ணீரும் தேங்கிக் கெடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வதும் இதுவே. செலவு என்று பார்த்தால் சில அடி குழாய், அவ்வளவுதான். பராமரிப்பு வேறு கதை. அமெரிக்கத் தரவிதியான என்.எஃப்.பி.ஏ. 25, துருத்தடுப்பு இல்லாத எஃகுத் தொட்டியின் உட்புறத்தை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. இங்கே பல இடங்களில் வெளியே சிவப்புப் பெயின்ட் பளபளத்தால் ஆய்வு முடிந்தது. அடியில் படிந்த சேற்றைப் பம்புதான் முதலில் பார்க்கிறது.