மலிவு மட்டும் போதுமா?

புதிய ஸ்மார்ட் போன் கடைக்கு வந்த அன்றே வாங்க வேண்டுமா? கொஞ்சம் பொறுத்து வாங்கலாமா? பல வீடுகளில் இதுதான் பேச்சு.

பொறுத்தால் விலை இறங்கும். ஐபோன் 15-ஐப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அதன் சாதாரண மாடல் இந்தியாவில் ரூ.79,900-க்கு வந்தது. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தது. உடனே பழையதன் விலை ரூ.69,900 ஆயிற்று. பொறுத்தவருக்கு 10 ஆயிரம் ரூபாய் மிச்சம்!

ஆனால், போனுக்கும் ஆயுள் உண்டு. திருடர்கள் புகும் ஓட்டைகளை அடைக்க, கம்பெனி அவ்வப்போது 'அப்டேட்' அனுப்புகிறது. அது நின்றுவிட்டால், போன் பூட்டுப் பழுதான வீடுதான். வங்கிப் பணமே போனில் நடமாடும் காலம் இது!

2024 ஜனவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ் 24-க்கு 7 ஆண்டு அப்டேட் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. போன் வெளிவந்ததில் இருந்தே அந்தக் கணக்கு ஓடும். நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல!

ஒரு கணக்குப் போடுவோம். 70 ஆயிரம் ரூபாய் போனுக்கு 7 ஆண்டு ஆயுள் என்றால், ஆண்டுச் செலவு 10 ஆயிரம். அதையே 2 ஆண்டு கழித்து 55 ஆயிரத்துக்கு வாங்கினால், மிச்சம் 5 ஆண்டுதான். ஆண்டுச் செலவு 11 ஆயிரம். மலிவு எங்கே?

சில மாதத்திலேயே விலை நன்றாக இறங்கியதா? தாராளமாக வாங்குங்கள். ஆண்டுகள் கடந்த சரக்கா? மிச்ச ஆயுளைக் கேட்டு, கணக்குப் பார்த்து வாங்குங்கள்!