மூன்று என்றால் ‘பரவாயில்லை’ அல்ல

பிக்கரிங்கில் எங்களுக்கு ஸ்னோ என்றால் டிரைவ்வேயில் அள்ளிக் கொட்டுகிற சாமான். அதனால்தான் ரொக்கி மலைக்கு ஸ்கீ போகிற பிள்ளையளிடம் “ஜக்கெட் எடுத்தியா?” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு என்கிறேன் நான்.

மலையில் ஒவ்வொரு பொழிவும் ஒரு படையாகப் படிகிறது. அடியில் ஒரு படை பலவீனமாக இருந்தால், 30 முதல் 45 பாகைச் சரிவில் ஒரு ஆளின் பாரமே போதும். மேலே உள்ள பனி முழுவதும் பாளமாக உடைந்து இறங்கும்.

2003 பெப்ரவரி 1 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் பனிச்சரிவு ஒன்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் 7 பேரைக் கொன்றது. அன்று மலையின் மேற்பகுதிக்கு அறிவிக்கப்பட்டிருந்த அபாய நிலை, 5-இல் 3.

“மூன்றுதானே, நடுத்தரம்” என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் மூன்று என்றால், பனி தானாகவும் சரியலாம், ஆள் ஏறினால் சரிவதற்கே வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

அவலாஞ்ச் கனடாவும் பார்க்ஸ் கனடாவும் குளிர்காலத்தில் நாள்தோறும் இந்த எண்ணை வெளியிடுகின்றன. புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது வேகமாகக் குறையும். ஆகவே தேடுகருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைப் பாவிக்கவும் பழகியிருக்க வேண்டும்.

“போகாதே” என்றால் சொல்லாமல் போவார்கள். “இண்டைக்கு எத்தனையாம் நம்பர்? ஆர் பயிற்சி எடுத்தவை?” என்று கேளுங்கோ. பதில் தெரியாவிட்டால், அன்றைக்கு மலை வேண்டாம்.