கிளிப்பிள்ளை யார்?

சமயச் சூழலில் வளரும் குழந்தைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் பண்பாட்டு ஆய்வு வகுப்புகளில் ஓர் எடுத்துக்காட்டு ஆயத்தமாக இருக்கிறது: 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஃபிளாண்டர்ஸ் வீட்டுச் சகோதரர்கள், ராட், டாட். "மூளைச்சலவைக்கு ஆளான பிள்ளைகள்" என்று அவர்களைச் சுட்டிவிட்டு, அவையினர் சிரித்து முடித்ததும் அடுத்த படவில்லைக்குப் போய்விடுகிறோம். இந்த வாசிப்பு சோம்பேறித்தனமானது என்பது என் வாதம். அது கண்டிக்கும் குற்றத்தையே தானும் செய்கிறது என்பது அதைவிட முக்கியமான வாதம்.

தொடரை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். மேட் க்ரேனிங் உருவாக்கிய இந்த இயங்குபட நகைச்சுவைத் தொடர், அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17 அன்று தொடங்கியது. ஹோமர் சிம்ப்சனின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸ் ஆழ்ந்த பக்தி கொண்ட கிறித்தவர். அவருடைய மக்களுக்குப் பொழுதுபோக்கும் விவிலியம், விளையாட்டும் விவிலியம். 1995இல் வந்த ஓர் அத்தியாயத்தில், குழந்தைகள் நலத்துறை பார்ட், லீசா, மேகி மூவரையும் ஃபிளாண்டர்ஸ் வீட்டில் ஒப்படைக்கிறது. அந்த வீட்டில் விவிலிய வினாவிடைதான் கேளிக்கை. சிரிப்பின் அமைப்பு எளிது: சிறுவனின் வாய், பெரியவரின் சொல்.

இந்த அமைப்பை விளக்க எர்விங் காஃப்மன் 1979இல் எழுதிய 'ஃபுட்டிங்' கட்டுரை போதும். 'பேசுபவர்' என்று நாம் ஒருமையில் சொல்வதை அவர் மூன்றாகப் பிரித்தார்: சொல்லை ஒலிப்பவர், சொல்லை யாத்தவர், சொல்லின் நிலைப்பாட்டுக்குப் பொறுப்பாளர். அஞ்சல் ஊழியர் தந்தியைப் படித்துக் காட்டும்போது அவர் ஒலிப்பவர் மட்டுமே. ராட், டாட் இருவரும் தொடரின் பெரும்பகுதியில் அப்படித்தான் இருக்கிறார்கள். யாத்தவர் வேறு, பொறுப்பாளர் வேறு. இதுவரை நம் வகுப்பறை வாசிப்பு சரியே. இங்கிருந்து அது தாவும் தாவல்தான் பிழை: "ஆகவே சமய வளர்ப்பு பிள்ளைகளைக் கிளிப்பிள்ளைகள் ஆக்குகிறது."

அதே அளவுகோலைப் பார்ட் சிம்ப்சனுக்கும் வைத்துப் பாருங்கள். அவன் கலகக்காரன், தற்சிந்தனை உடையவன் என்பது பொதுக் கருத்து. ஆனால் 1990இல் வந்த ஓர் அத்தியாயத்தில், கோமாளி க்ரஸ்டியின் போதனைகளின்மீதே தன் வாழ்வை அமைத்திருப்பதாக அவனே சொல்கிறான். போதனை என்ற சொல்லைக் கவனியுங்கள். அவன் அறையெங்கும் க்ரஸ்டியின் முகம் அச்சிட்ட பொருள்கள். நாள் தவறாமல் தொலைக்காட்சிமுன் அமர்ந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான். மறையைத் திருப்பிச் சொல்பவன் கிளிப்பிள்ளை என்றால், விளம்பரத்தைத் திருப்பிச் சொல்பவன் யார்? முதலாமவனுக்கு மூளைச்சலவை, இரண்டாமவனுக்கு வெகுசனப் பண்பாடு என்று பெயர் சூட்டுவது ஆய்வு ஆகாது. நமக்குப் பழகிய கோயில் எது, பழகாத கோயில் எது என்பதைத்தான் அது காட்டுகிறது.

தொடரே இதை 1990இல் ஒருமுறை துல்லியமாகக் காட்டியிருக்கிறது. சிறுவர் குறுங்கோல்ஃப் போட்டி ஒன்றில் பார்ட்டும் டாட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். தந்தையர் இருவரும் பந்தயம் கட்டுகிறார்கள்: வெல்லாத பிள்ளையின் தந்தை மனைவியின் ஞாயிற்றுக்கிழமை ஆடையை அணிந்து அடுத்தவர் வீட்டுப் புல்லை வெட்ட வேண்டும். பக்தியுள்ள தந்தையும் பக்தியற்ற தந்தையும் ஒரே வேகத்தில் மகன்களைத் தம் வீம்புக்குக் கருவியாக்குகிறார்கள். சிறுவர்களோ தமக்குள் பேசி ஆட்டத்தைச் சமனில் முடித்துவிடுகிறார்கள். இருவருமே வெல்லாததால் தந்தையர் இருவரும் புல்வெட்டுகிறார்கள். அந்தக் கணத்தில் டாட் ஒலிப்பவன் மட்டும் இல்லை. அந்த முடிவை எடுத்தவனும் அதற்குப் பொறுப்பாளனும் அவனே.

ஃபிளாண்டர்ஸ் வளர்ப்பில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. அதே 1995 அத்தியாயத்தில், சிம்ப்சன் பிள்ளைகள் திருமுழுக்குப் பெறாதவர்கள் என்று தெரிந்ததும் நெட் அவர்களை ஆற்றுக்கு அழைத்துச் செல்கிறார். பிள்ளைகளின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. 'நெட் நல்லவர்' என்று அவரைக் காப்பாற்ற முனைவோர் இதற்கு விடை சொல்வதில்லை. நெட்டின் நற்குணத்தைப் பற்றி இங்கே கேள்வியே இல்லை. பிள்ளையிடம் கேட்டார்களா என்பதே கேள்வி.

இக்கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின்முன் ஒருமுறை வந்தது. 1972இல் 'விஸ்கான்சின் எதிர் யோடர்' வழக்கில், எட்டாம் வகுப்புக்குப்பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு ஆமிஷ் பெற்றோரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டார். வழக்கில் தொடர்புடைய பிள்ளைகள் மூவர். அவர்களில் ஒரு பெண் மட்டுமே சாட்சி சொல்லியிருந்தாள். தன் சமய நம்பிக்கையே உயர்நிலைப் பள்ளிக்குத் தடை என்று அவள் சொன்னதால், அவளைப் பொறுத்தவரை தீர்ப்பை டக்ளஸ் ஏற்றுக்கொண்டார். மற்ற இருவரின் குரல் கேட்கப்படவில்லை என்பதால் அவர்களைப் பொறுத்தவரை ஏற்கவில்லை. அவள் சொன்னது பெற்றோரின் நிலைப்பாட்டோடு ஒத்துப்போனது. அதற்காக அவளைக் கிளிப்பிள்ளை என்று அவர் தள்ளிவிடவில்லை. அவள் சொல்லுக்கு அவளையே பொறுப்பாளராக ஏற்றார்.

சிம்ப்சன்ஸ் தொடங்குவதற்கு நான்கு வாரங்களுக்குமுன், 1989 நவம்பர் 20 அன்று, ஐ.நா. பொது அவை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 12ஆம் பிரிவு குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. 14ஆம் பிரிவு குழந்தையின் சமய, மனச்சான்று உரிமையை மதிக்கச் சொல்கிறது. வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் உடன் வைக்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அமெரிக்கா இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை.

இனி தொடரின் மிகக் கடுமையான குறையைச் சொல்கிறேன். 2001இல் எட்டு வயது லீசா பௌத்தத்தைத் தழுவுகிறாள். காரணங்களை அவளே அடுக்குகிறாள். ஓர் அத்தியாயம் முழுவதும் அவளுக்குக் கிடைக்கிறது. டாட்டுக்கு அப்படியோர் இடம் கிடைக்க 2019 ஆனது. 2000இல் இறந்த தாயின் முகம் மறக்கத் தொடங்கியதைக் கண்டு கலங்கி, இனிக் கடவுளை நம்பவில்லை என்று அவன் அறிவிக்கிறான். முப்பது ஆண்டுகள் ஒலிபெருக்கியாக இருந்தவனின் அகம் அப்போதுதான் மையத்துக்கு வருகிறது. நெஞ்சைத் தொடும் கதை அது. ஆனால் அதன் அடியில் கிடக்கும் எடுகோளைப் பாருங்கள்: நம்பிக்கையைக் கைவிடும் கணத்தில்தான் பிள்ளைக்குச் சொந்தக் குரல் முளைக்கிறதாம். நம்பிக்கொண்டே சொந்தக் குரலில் பேசும் பிள்ளையைத் தொடரால் கற்பனை செய்ய இயலவில்லை. விஸ்கான்சினில் அத்தகைய பெண் ஒருத்தி நீதிமன்றத்தில் நின்று பேசியிருந்தாள்.

இது வெறும் தொலைக்காட்சிச் செய்தி இல்லை. நாம் நேர்காணல் எழுத்துப்படிகளைக் குறியீடு செய்கிறவர்கள். பக்தியுள்ள வீட்டு மாணவி சொன்னால் 'குடும்பத் தாக்கம்', சமயம் பேசாத வீட்டு மாணவன் சொன்னால் 'தனிக் கருத்து' என்று குறிக்கும் கை நம்முடையது. இருவருமே வீட்டில் கேட்டதைத்தான் சொல்லியிருக்கலாம். இருவருமே சிந்தித்தும் சொல்லியிருக்கலாம். விடுதியில் தொழுகைக்கோ செபத்துக்கோ எழும் முதலாண்டு மாணவர் கருத்தரங்கில் வாய் திறப்பதற்கு முன்பே, அவருடைய சொல்லின் உரிமையை அவர் தந்தையின் பெயருக்கு எழுதிவைத்துவிடுகிறோம். "என் பிள்ளைக்காக நான் பேசுகிறேன்" என்று நெட் சொல்கிறார். "உனக்காகப் பேசுபவர் உன் தந்தை" என்று நாம் சொல்கிறோம். இரண்டிலும் வாயடைத்து நிற்பது அந்தப் பிள்ளைதான்.

ராட், டாட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பைச் சான்றாக ஆய்வேட்டுக்குள் கொண்டுவருபவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: நம்பும் பிள்ளை சொன்னதையும் நம்பாத பிள்ளை சொன்னதையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தீர்களா? நிறுக்கவில்லை என்றால், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளையைத் தேடித் தொலைக்காட்சிவரை போக வேண்டியதில்லை.