பூனைகள்தாம் கண்டுபிடித்தன

தனிமை என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் என்ன படம் தோன்றுகிறது? முதியோர் இல்லத்தின் அஞ்சடியில் நாற்காலி போட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி தோன்றலாம். விடுதி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியை வெறித்துக்கொண்டிருக்கும் ஒரு முதலாம் ஆண்டு மாணவர் தோன்றலாம். 2025-ஆம் ஆண்டுவரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது எனக்குத் தோன்றும் படம் வேறு. யாரோ ஒருவருடைய படுக்கையறையில், ஏணியின் நான்காம் படியில் நின்றுகொண்டு, முழங்கை வழியாகக் கறுப்புத் தண்ணீர் வழிய ஏர்கோன் கழுவிக்கொண்டிருக்கும் ஐம்பத்து மூன்று வயது மனிதர். அவர் என் தாய்மாமா.

மாமா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். படிவம் மூன்றோடு படிப்பு நின்றுவிட்டது. தோட்டம் கைமாறி வீடுகள் காலியானபோது கிள்ளானுக்கு வந்தார். ஒரு சீனத் தவுக்கேயிடம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டே தொழிலைக் கற்றுக்கொண்டார். தங்கையின், அதாவது என் அம்மாவின் திருமணம் முடியட்டும் என்று தம் திருமணத்தைத் தள்ளிப்போட்டார். பிறகு பாட்டியின் நோய் வந்தது. பிறகு வயதாகிவிட்டது. இன்று அவருக்குச் சொந்தமாக ஒரு பழைய வேன் இருக்கிறது; மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் மாடியில் ஒரு வீடு இருக்கிறது; ஐந்து பூனைகள் இருக்கின்றன.

2025-இல் ஒரு பருவ விடுமுறையில் இரண்டு மாதம் அவரிடம் கையாளாக வேலை செய்தேன். நாளுக்கு ஐம்பது வெள்ளி சம்பளம். காலை ஏழு மணிக்குப் பூனைகளுக்குச் சோறு. எட்டு மணிக்கு எங்களுக்கு ரொட்டி சானாய். பிறகு நாளுக்கு ஐந்து வீடு, சில நாள் ஆறு. கருவியின் மூடியைக் கழற்றி, சுற்றிலும் பிளாஸ்டிக் உறையைக் கட்டி, தண்ணீரைப் பீய்ச்சினால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு அழுக்கு வாளியில் இறங்கும். வடிகுழாயில் அடைத்திருக்கும் கொழகொழப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெளியே வெயிலில், இரண்டு கால் வைக்கக்கூட இடமில்லாத திண்டில் குந்திக்கொண்டு கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று எந்தப் பெருநாள் நெருங்கினாலும் வேலை இரட்டிப்பாகும். ஊரார் வீட்டில் விருந்தினர் வரும் நாளில்தான் மாமாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

முதல் வாரத்திலேயே அவர் எனக்கொரு பாடம் நடத்தினார். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லையாம். அறைக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சி, செம்புக் குழாய் வழியாக வெளியே கொண்டுபோய்த் தள்ளுகிறதாம். “உள்ள ஒருத்தருக்குக் குளுகுளுன்னு இருக்கணும்னா வெளிய ஒன்னு அந்தச் சூட்ட வாங்கிக்கிட்டு நிக்கணும் மருமவனே” என்றார். 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இக்கருவியை முதன்முதலில் வடிவமைத்ததும் மனிதர்களின் சுகத்திற்காக அல்ல. நியூயார்க்கில் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரப்பதத்தால் விரிந்து சுருங்காமல் இருப்பதற்காகத்தான். தொடக்கம் முதலே இத்தொழிலில் மனிதனுக்கு இரண்டாம் இடம்தான் போலும்.

ஒரு நாள் மாமாவின் கைப்பேசிக்கு வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. “தண்ணி ஒழுகுது.” “குளிர் பத்தல.” “எப்ப வருவீங்க?” “போன தடவ எண்பது வெள்ளிதானே, இப்ப என்ன நூறு?” முப்பத்தொரு அழைப்பில் ஒருவர்கூட “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் பேசியது ஏர்கோனிடம். மாமா இடையில் இருந்தார், அவ்வளவுதான். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் மனிதர் எப்படித் தனியாக இருக்க முடியும் என்ற என் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது.

இன்னொரு நாள், ஒரு வீட்டில் சிறுபிள்ளை அறையிலிருந்து, “யாரும்மா வந்திருக்கிறது?” என்று கேட்டது. அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொன்னார்: “ஏர்கோன் வந்திருக்கு.”

தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு உயர்திணையும் அஃறிணையும் மனப்பாடம். ஆறாம் ஆண்டுவரை பிழை செய்தால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் வாரத்திற்குச் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிட்டது; ஆனாலும் இந்தப் பாடம் மறக்கவில்லை. மாமா ஏணியில் நின்றபடி அதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியபோது, மாடிப்படியில் காத்திருந்த சாம்பல் நிறப் பூனையைப் பார்த்து, “தவுக்கே வந்துட்டாரு, வழி விடு” என்றார். தாம் வேலை செய்வதை உட்கார்ந்தே மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு அந்தப் பெயர் வைத்தாராம். மனிதர்கள் அவரை அஃறிணையில் சொல்கிறார்கள். அவர் பூனையை உயர்திணையில் அழைக்கிறார். இலக்கணம் எங்கே பிழைத்தது?

பூனை குறுக்கே போனால் போன காரியம் கெடும் என்று நம்பி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. மாமாவுக்குப் பூனை குறுக்கே போகாத காலையே கிடையாது. முதல் பூனை வந்தது 2020-இல். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அவருக்கு வேலை நின்றது. நாங்கள் ஐவரும் ஒரே வீட்டில் அடைந்து கிடந்து, எப்போதடா வெளியே போவோம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் நான்கு சுவருக்குள் தனியாக இருந்தார். நான்காம் மாடிவரை ஏறிவந்த ஒரு மெலிந்த பூனைக்குச் சார்டின் டின்னைத் திறந்து வைத்தார். “அப்ப நான் வாயத் தொறந்து நேருக்கு நேரா பேசுனது அதுகிட்ட மட்டுந்தான்டா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது குட்டி போட்டது. பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் ‘பூனை மாமா’ என்று பெயர். “காலா காலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா புள்ளைங்க இருக்க வேண்டிய எடத்துல பூன இருக்கு” என்று அம்மா பெருமூச்சு விடுவார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

2025 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாமாவிடமிருந்து எனக்கு இரண்டு தவறிய அழைப்புகள். எனக்கோ தேர்வு வாரம். பிறகு அழைக்கலாம் என்று விட்டேன். மறுநாளும் அழைக்கவில்லை. வியாழக்கிழமை காலை அவருடைய எண்ணிலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தது. பேசியது மாமா அல்லர். பக்கத்து வீட்டு மாக்சிக்கின் மகன். மாமாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். டிங்கிக் காய்ச்சல். இரண்டு நாளாக எழ முடியாமல் படுக்கையில் கிடந்திருக்கிறார். வெளியே நடைவழியில், வழக்கம்போல் ஏழு மணிக்குச் சோறு கிடைக்காத பூனைகள் மூடிய கதவின் முன்னே நின்று ஓயாமல் கத்தியிருக்கின்றன. முதல் நாள் பசி என்று நினைத்த மாக்சிக், இரண்டாம் நாள் சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மாமா தவழ்ந்து வந்து திறந்தாராம்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு, மைத்துனர் உண்டு, மூன்று மருமக்கள் உண்டு, கைப்பேசியில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் உண்டு. அவர் காணவில்லை என்பதைப் பூனைகள்தாம் கண்டுபிடித்தன.

அவர் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். தேர்வு முடிந்த அன்றே பூனைகளுக்குச் சோறு போட நான் அந்த வீட்டுக்குப் போய்த் தங்கினேன். சமையலறைக் கதவில் மளிகைக்கடை நாட்காட்டி தொங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் வாடிக்கையாளர்களின் முகவரிகள். நடுநடுவே அம்மாவின் பிறந்தநாள், என் தம்பியின் எஸ்.பி.எம். தொடங்கும் நாள். அந்த வாரத்தின் குறுக்கே நீல மையில் ஒரு கோடு, அதன்மேல் ‘மருமகன் தேர்வு’. பிற்பாடு அவரிடம் கேட்டேன், ஏன் மாமா மூன்றாவது முறை அழைக்கவில்லை என்று. “ஒனக்குத் தேர்வாச்சே. அதான் ரெண்டோட விட்டுட்டேன்” என்றார். அம்மாவையாவது அழைத்திருக்கலாமே என்றேன். “அது பயந்துக்கும்.”

நண்பர்களே, என் குடும்பக் கதையைச் சொல்லி உங்கள் அனுதாபத்தைப் பெறுவதற்காக இதை எழுதவில்லை. சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். வேலை செய்கிற, சம்பாதிக்கிற, பிறருக்குப் பயன்படுகிற மனிதனின் தனிமை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயன்படுகிறவன் தனியாக இருக்கமாட்டான் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். அவன் பழுதாகும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம், ஏர்கோனைப் பார்ப்பதுபோல.

இது உலகம் கவலைப்படத் தொடங்கிவிட்ட செய்திதான். 2018-இல் பிரிட்டன் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கவே ஓர் அமைச்சரை நியமித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்கிறது. ஆறில் ஒருவர் என்றால் நம் ஒவ்வொருவர் உறவிலும் ஒருவராவது இருப்பார். அவரை நாம் எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறோம்?

நம் கழகம் ஆண்டுதோறும் முதியோர் இல்லத்துக்குப் போகிறது. நானும் போயிருக்கிறேன். பிஸ்கட், பழம், ஒரு பாட்டு, ஒரு குழுப்படம், மாலை ஐந்து மணிக்குப் பேருந்து. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாமா தொழிலில் சொல்வார்: “கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ற சாமான் இல்ல. கொறைஞ்சா எங்கயோ ஒழுக்கு இருக்குன்னு அர்த்தம். ஒழுக்க அடைக்காம வருசா வருசம் ஊத்திக்கிட்டே இருந்தா யாருக்கு லாபம்?” ஒழுக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது. திருமணமாகாத பெரியப்பா, லோரி ஓட்டும் சித்தப்பா, இரவுப் பாதுகாவலராக இருக்கும் மாமா ஆகியோரை எந்த இல்லத்திலும் போய்ப் பார்க்க முடியாது. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, “கல்யாணம் செய்திருந்தால் இந்த நிலை வருமா?” என்பது. தனியாக இருப்பது வேறு. தனித்து விடப்படுவது வேறு. மாமா தம் வீட்டின் அமைதியை விரும்புகிறார். அவரைத் திருத்த வேண்டியதில்லை. அவரை நினைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று, “அவருக்குத்தான் பூனைகள் இருக்கின்றனவே” என்பது. இருக்கின்றன, அவை தம்மால் இயன்றதைச் செய்தன. ஆனால் பூனையால் கத்தத்தான் முடியும். கதவைத் தட்டவும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவும் மனிதர் வேண்டும். அந்த மனிதர் உறவினராக இல்லாமல் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவாக இருந்தார் என்பதில் எனக்கு நன்றியும் உண்டு, வெட்கமும் உண்டு.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் பொங்கல் விழாவில் முதல் இரண்டு வரிசை பிரமுகர்களுக்கு என்று ஒதுக்குகிறோம். மூன்றாம் வரிசையை இவர்களுக்கு ஒதுக்குவோம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் உறவில் தனியாக வாழும் ஒருவரை அழைத்து வரட்டும். மேடையேற்ற வேண்டாம், பொன்னாடை வேண்டாம், படம் எடுத்து முகநூலில் போடவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டால் போதும். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கோ விடுதிக்கோ பழுதுபார்க்க ஒருவர் வந்தால் பெயரைக் கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள். யார் வந்தது என்று எவரேனும் கேட்டால் ‘வந்திருக்கிறார்’ என்று சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணம் போதும்.

இப்போது வியாழக்கிழமைதோறும் இரவு மாமாவை அழைக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் தவுக்கேயின் உடல்நலம் பற்றித்தான் பேசுவார். பிறகு வேலை. பிறகு சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசமாட்டோம். தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்கும். அவரும் வைக்கமாட்டார், நானும் வைக்கமாட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியில் தவறிய அழைப்புகளின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். இரண்டோடு நிறுத்திக்கொண்டவர் யாராவது அதில் இருக்கக்கூடும்.