மறைப்பதற்கே அஞ்சுகிறேன்



கருத்தடை மாத்திரையைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதினால் அது எங்கே போய் முடியும் என்று நீங்கள் முன்னரே தீர்மானித்திருப்பீர்கள். திருச்சபையின் போதனையை நீங்கள் அறிவீர்கள். இன்று நான் எழுத வந்தது இரத்தக்கட்டியைப் பற்றியே.

2025 பெப்ரவரியில் டென்மார்க் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. 15 முதல் 49 வயது வரையான ஏறத்தாழ இருபது இலட்சம் பெண்களின் பதிவுகளை, 1996 முதல் 2021 வரை, அவர்கள் ஆராய்ந்தனர். இந்நாட்டில் வைத்தியரின் சீட்டுக்கு வாங்கும் மருந்துகள் சி.பி.ஆர். இலக்கத்துடன் பதிவாகின்றன, ஆகவே அந்த இருபது இலட்சத்தில் நம் பங்கின் பெண்களும் இருக்கக்கூடும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையை உட்கொள்வோருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் ஏறக்குறைய இரு மடங்காக ஏற்பட்டிருந்தன. ஆயினும் ஓராண்டு அம்மாத்திரையை உட்கொள்ளும் 4,760 பெண்களில் மேலதிகமாக ஒருவருக்கே பக்கவாதம் வருகிறது. மாரடைப்பு, 10,000 பேரில் ஒருவருக்கு. "இரு மடங்கு" என்று மட்டும் கேட்டு நடுங்குபவரும், "ஒருவருக்குத்தானே" என்று அலட்சியம் செய்பவரும் பாதியையே கேட்டிருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரும் காலில் இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையால் வருவதைவிட அதிகம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன்.

ஆனால் அந்த ஒருவர் யார்? 35 வயதைக் கடந்து புகைப்பவர், உயர் இரத்த அழுத்தம் உடையவர், கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர், குடும்பத்தில் இளவயதில் இரத்தக்கட்டி கண்டவர்: இவர்களுக்கு ஆபத்து கூடுதல். குடும்ப வைத்தியர் இவற்றையெல்லாம் கேட்பார். கேட்கும்போது பக்கத்தில் மொழிபெயர்க்க அமர்ந்திருப்பவர் கணவர்; சில வேளைகளில் பாடசாலை செல்லும் மகள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்பவர் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2018இல் வந்தபின் இது இன்னும் கூடிவிட்டது என்பது என் எண்ணம். மகளின் வாய்வழியே எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்?

"சுவாமிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்" என்பதும் அந்த மௌனத்தில் ஒரு பங்கு. அது என்னை வருத்துகிறது. அதிக இரத்தப்போக்குக்கும் சூலகக் கட்டிகளுக்கும் சிகிச்சையாக இம்மாத்திரையை உட்கொள்வோர் பலர். நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையைத் திருச்சபை தவறாகக் கருதுவதில்லை என்று 1968இல் வெளிவந்த 'உமானே வீத்தே' மடலே, 15ஆம் பத்தியில், கூறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் புறப்படும் முன் மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் சிலர் நோரெதிஸ்டெரோன் மாத்திரை உட்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வருபவர் கையில் வருவதும் உண்டு. அந்த அளவில் உட்கொள்ளும்போது அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. அதன்மேல் கொழும்பு வரையிலான நீண்ட விமானப் பயணம், அசையாமல் அமர்ந்தபடி. யாருக்காக இது? மாதவிடாய் நாளில் ஆலயத்துக்கு வரவோ நற்கருணை வாங்கவோ திருச்சபையில் எந்தத் தடையும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டபோது அவர் அவளை விலக்கினாரா?

நீங்களாக மாத்திரையை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. அதை வைத்தியரோடு பேசுங்கள், முடிந்தால் தனியே. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே வைத்தியரை அழையுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு கையின் பலவீனம் என்றால் 112. பூசை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டேனிஷ் மொழி வராவிட்டாலும் "பி-பிலர்" என்ற சொல்லை மட்டும் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவருக்கு அது விளங்கும்.