தராசுக்குச் சோதனை உண்டு. மாட்டு டாக்டருக்கு ரசீது மட்டும்தானா?

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும். கெடு முடிந்தால் மறுபடியும் காட்ட வேண்டும். பணம் கட்டிவிட்டால் மட்டும் முத்திரை விழுந்துவிடாது. படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். எடை சரியாக நின்றால்தான் முத்திரை!

மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போடுகிற டாக்டருக்கு?

அவரும் 5 ஆண்டுக்கு ஒருமுறை தம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் சட்டத்தின் புதுப்பிப்புப் பிரிவு பேசுவது கட்டணத்தைப் பற்றி. இந்த 5 ஆண்டில் அவர் புதிதாக என்ன படித்தார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

தராசுக்கு உள்ள சோதனை, உயிரைக் காக்கும் கைக்கு வேண்டாமா?

40 வயது தாண்டிய சட்டம்

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-ல் வந்தது. நல்ல சட்டம்தான். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர் மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம்.

பட்டம் என்றால் லேசான பட்டம் அல்ல. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மாடு, ஆடு, கோழி, நாய், பூனை, யானை என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் படித்தாக வேண்டும். மனிதனுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு ஒரே ஜாதி உடம்பு. இவருக்கோ எத்தனையோ உடம்பு! நோயாளி வாயைத் திறந்து "இங்கே வலிக்குது டாக்டர்" என்று சொல்லவும் மாட்டார்.

ஆகவே டாக்டர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. நள்ளிரவில் கன்று வெளியே வராமல் பசு தவிக்கும்போது டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்தான். குறை சட்டத்தில் இருக்கிறது. 1984-க்குப் பிறகு உலகம் எங்கேயோ போய்விட்டது. சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஊசி மருந்தும் கழுகும்

ஓர் உதாரணம் போதும். டைக்ளோபினாக் என்ற வலி மருந்து. மாட்டுக்குக் கால் வீக்கம், காய்ச்சல் என்றால் ஒரு காலத்தில் இந்த ஊசிதான். மாட்டுக்குக் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டது. கூட்டம் கூட்டமாக மாண்டன. 1990-களில் தொடங்கிய சாவில் சில கழுகு இனங்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் அழிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல்தான் தெரிய வந்தது.

2006-ல் இந்தியாவில் கால்நடைக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. உடனே நின்றதா? இல்லை. மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். ஆகவே 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தும் 3 மில்லி குப்பியில்தான் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்ற இரண்டு மருந்துகளும் கால்நடைக்குத் தடையாயின. அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது!

1990-ல் கல்லூரியை விட்டு வந்த டாக்டருக்கு இதில் எதையும் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குதான் பெரிய புகலிடம். அந்தப் பக்கத்து கிராமத்தில் ஒருவர் பழைய நினைப்பில் ஓர் ஊசி போட்டால் போதும்.

பட்டணத்துக்காரருக்கு என்ன?

"கழுகு போனால் நமக்கென்ன?" என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர் கேட்கலாம். அவர் காலையில் குடித்த காபிக்கே இதில் பங்கு உண்டு!

மாட்டுக்கு மடி நோய் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று மருந்துக்கு மருந்து கணக்கு உண்டு. அதை மாட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஊசி போட்டவர்தான். கண்ட நோய்க்கெல்லாம் ஆன்டிபயாடிக் போட்டால் கிருமி பழகிப்போகும். நாளைக்கு மனிதனுக்கே அந்த மருந்து கேட்காது. கோழிப் பண்ணைகளில் புழங்கிய கொலிஸ்டின் என்ற மருந்தை 2019-ல் மத்திய அரசு தடை செய்தது இந்தப் பயத்தால்தான்.

அதே 2019-ல் ஒடிசாவில் தோல் கட்டி நோய் தலைகாட்டியது. அதற்கு முன்பு இந்தியா பார்த்திராத மாட்டு நோய். 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகளை வாரிக்கொண்டு போனது. ஆட்டு அம்மைத் தடுப்பூசியைப் போட்டுச் சமாளித்தார்கள். தெருநாய் கருத்தடை விதிகளும் 2001-ல் வந்தவை 2023-ல் மாற்றி எழுதப்பட்டன.

புது நோய், புது மருந்து, புதுத் தடை, புது விதி. பழைய சர்டிபிகேட் மட்டும் சுவரில் அப்படியே!

அங்கே எப்படி?

வெளிநாட்டில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கால்நடை டாக்டர் ஆண்டுக்கு 35 மணி நேரம் படிக்க வேண்டும். கால்நடை நர்சுக்கும் ஆண்டுக்கு 15 மணி நேரம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 2 ஆண்டுக்கு 36 மணி நேரம். அதற்கு மேல் ஒரு கண்டிஷன். ஆன்டிபயாடிக்கை அளவோடு பயன்படுத்துவது பற்றி 4 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது படித்தாக வேண்டும். 2018 முதல் இது அங்கே சட்டம்.

அதெல்லாம் பணக்கார தேசம் என்று தள்ளிவிட முடியாது. நமக்கும் பாரம்பரியம் இருக்கிறது. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. நாமக்கல்லில், நெல்லையில், ஒரத்தநாட்டில் கல்லூரிகள் இருக்கின்றன. சொல்லிக் கொடுக்க ஆளும் உண்டு, இடமும் உண்டு.

"நீ டாக்டரா தம்பி?"

இன்னொரு ஓட்டையும் அடைபட வேண்டும். பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், டிப்ளமோவோ சர்டிபிகேட்டோ பெற்ற உதவியாளர்கள் சின்னச் சின்ன சிகிச்சை செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. எதெல்லாம் சின்ன சிகிச்சை என்று உத்தரவு போடுவது மாநில அரசு. தேவையான ஏற்பாடுதான். ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்?

ஆனால் மேற்பார்வை என்பது காகிதத்தில் இருந்தால் போதுமா? சைக்கிளில் பெட்டியோடு வருகிறவரிடம் மாட்டுக்காரர் கேட்கிறார்: "ஏன் தம்பி, நீ படிச்ச டாக்டரா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! இருபது வருசமா ஊசி போடறேனே!"

இருபது வருடம் ஊசி போட்டது அனுபவம். எந்த மருந்து தடையானது என்று தெரிந்துகொள்வது படிப்பு. உதவியாளர்களுக்கும் அந்தப் படிப்பு வேண்டும். அவர்களை விரட்டுவதற்காக அல்ல. தைரியமாக வேலை செய்ய வைப்பதற்காக.

செய்ய வேண்டியது என்ன?

பதிவைப் புதுப்பிக்கக் கட்டணத்தோடு இத்தனை மணி நேரப் படிப்பும் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அது டில்லியின் வேலை. தடை மருந்து, ஆன்டிபயாடிக், புது நோய் ஆகிய மூன்றும் அதில் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும்.

உதவியாளர் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது, எந்த டாக்டரின் பொறுப்பில் என்பதைத் தெளிவாக எழுதிக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்ட வேண்டும். அது கோட்டையின் வேலை.

டாக்டரின் பதிவு எண் போர்டில் தெரிய வேண்டும். நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கிராமத்து டாக்டர் வகுப்புக்குப் போனால் அன்று ஆஸ்பத்திரியை யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. ஆகவே வகுப்பு மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். போகிற நாளை வேலை நாளாகக் கணக்கிட வேண்டும். அன்றைக்கு மாற்று டாக்டர் வேண்டும். செலவை அவர் தலையில் கட்டக்கூடாது.

மருந்துக் கம்பெனி பெரிய ஓட்டலில் போடும் விருந்தைப் படிப்பு என்று கணக்கில் எழுதவும் கூடாது. கையெழுத்துப் போட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவதற்குப் பெயர் வகுப்பு அல்ல!

தராசில் முள் கொஞ்சம் தப்பினால் நூறு கிராம் பருப்புதான் நஷ்டம். ஊசியில் தப்பினால் ஒரு குடும்பத்தின் பால் மாடே போய்விடும்.

பருப்புக்குக் காட்டும் அக்கறையைப் பசுவுக்கும் காட்ட வேண்டும். அரசு கவனிக்குமா?