தாமான்: ஒரு பாய்ச்சொல்லின் பொருள்நெறி

பாய்மரக் கலத்தை ஆள்வதில் பாயின் கீழ்ப் பின்முனைக்குத் தனியிடம் உண்டு. அம்முனையை இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை ஏற்கும். நெகிழ விட்டால் காற்று வழுவிப்போகும். அம்முனையோடு பிணைந்த கயிற்றைத் தமிழ்க் கடற்கரையினர் ‘தாமான்’ என்பர். பாரசீகத்தில் ‘தாமன்’ என்பது ஆடையின் கீழ்விளிம்பு. இந்துமாக்கடலில் பல மொழியினரும் கூடிப் பணிசெய்த கலங்களில் உருவான கலப்புமொழியில் அச்சொல் பாய்க்கயிற்றின் பெயராயிற்று. அம்மொழியின் சொற்களைத் தாமசு ரோபக் தொகுத்து 1811இல் கல்கத்தாவில் அகராதியாக வெளியிட்டார்.

ஆங்கிலத்திலும் இதே நெறி காணப்படுகிறது. பாய்க்கயிற்றைக் குறிக்கும் ‘ஷீட்’ என்னும் சொல்லின் பழைய வடிவங்கள் துணியின் மூலை, மடி, பாயின் கீழ்மூலை ஆகிய பொருள்களில் வழங்கின. விளிம்பின் பெயர் விளிம்பில் கட்டிய கயிற்றுக்கு ஆகிவந்தது. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் கூறும் ஆகுபெயர் நெறிக்கு இரண்டும் தக்க சான்றுகள். எனவே தாமானை ‘பாய்க்கயிறு’ எனப் பொருளெழுதி ‘அயற்சொல்’ எனக் குறித்து விடுவது போதாது. அது எந்தக் கயிறு, எம்முனையில் கட்டுவது, எப்போது இழுப்பது, எப்போது நெகிழ்ப்பது என்பனவும் அச்சொல்லின் பொருளே.

இக்குறைபாடு அயற்சொல்லோடு நிற்பதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 30ஆம் பாட்டில் ‘மீப்பாய்’ என்னும் சொல் வருகிறது. மேற்பாய் என்று அதற்குப் பொருள் கொள்வர். ‘மேல்’ என்பது தாழ்பாய்க்கு மேலே விரித்த வேறொரு பாயைக் குறிக்குமா, ஒரே பாயின் மேற்பகுதியைக் குறிக்குமா, கலத்தின் மேல் எழுந்த பாய் என்னும் பொதுப்பொருளில் நிற்குமா? மூன்றுக்கும் சொல்லமைப்பு இடந்தருகிறது. மூன்றும் வெவ்வேறு கலங்களை மனத்தில் நிறுத்துகின்றன. பண்டைத் தமிழர் கலத்தில் அடுக்குப்பாய் இருந்தது என்ற முடிவை இச்சொல் ஒன்றைக் கொண்டே நிறுவுவது பொருந்தாது.

இவ்விடத்தில் குமரி மாவட்டக் கடற்கரையின் துணை வேண்டப்படுகிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் முதலிய ஊர்களில் பாய்விரித்துக் கட்டுமரம் ஓட்டியோரின் தொழில், 1980களுக்குப் பின் ஒட்டுப்பலகை வள்ளங்களும் வெளிப்பொருத்து எந்திரங்களும் பரவியதால் மாறிவிட்டது. அணியம், கடையால் போன்ற சொற்கள் எந்திரப் படகுக்கும் உரியவை. ஆதலின் அவை நிலைத்துள்ளன. பருமல், தாமான் போன்றவை பாயோடு வாழ்ந்தவை. பாய் சுருட்டப்பட்டதும் அவற்றுக்கு வேலை இல்லாமற்போயிற்று. அவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்தோர் இன்று முதியோர்.

இக்கால வழக்கைக் கொண்டு ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய சொல்லுக்குப் பொருள் காண்பது முறையா என்ற தடை எழலாம். தடை நியாயமானது. கட்டுமரத்தின் ஒற்றைப்பாய் புகாரில் புகுந்த பெருங்கலத்துப் பாயைக் காட்டாது. ஆனால் பாயின் எப்பகுதிக்குத் தனிப்பெயர் தேவைப்படுகிறது, எதனை முதலில் இறக்குவர், துறை புகும்போது எதனைக் களையாமல் வைத்தல் அரிது என்பவற்றைக் கடலோடியே சொல்ல முடியும். அவ்வறிவு விடையைத் தராவிடினும் உரையாசிரியன் கேட்கவேண்டிய வினாவைத் தரும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது இக்கடற்கரையில் பாய் அன்றாடப் பொருள். அதன்பின் வரும் அகராதிப் பணிகளுக்கு அவ்வாய்ப்பு நீடிக்காது. குமரி மாவட்டக் கடற்சொற்களைத் தொகுப்போர் சொற்பட்டியலோடு அமையாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் வரைபடமும், கயிற்றின் இடமும், அதனை ஆளும் செயலும், சொன்னவரின் ஊரும் பதிதல் வேண்டும். தாமானைப் பிடித்த கைகள் இருக்கும்போதே அது செய்யத்தக்கது. பின்னர் அதுவும் மீப்பாயைப் போல உரைகளிடையே ஊகத்துக்குரிய சொல்லாகிவிடும்.